இறைப்புப் பம்பும் வெற்றிடமானியும்

தூத்துக்குடி, திருச்செந்தூர், உடன்குடிக் கடலோரக் கிணறுகளில் பம்பு நீரைக் குறைவாய்த் தருங்கால், கிணற்றை ஆழப்படுத்த விரைதல் கூடாது, உவர்நீர் ஏறக்கூடும். பம்பின் உறிஞ்சுகுழாயில் வெற்றிடமானி பொருத்திக் குறையை முதலில் அறிதல் நன்று.

தெரிவு: 0 முதல் 30 அங்குலப் பாதரச அளவு காட்டுவதும், உப்புக்காற்றில் துருவேறாத எவர்சில்வர் உறையுடையதுமான மானி ஏற்றது.

சோதனை: உள்நீர் தெரியும் நீண்ட குழாயை நிமிர்த்தி, மேல்முனையில் மானியை இணைத்து, கீழ்முனையை நீரில் அமிழ்த்துக. கிளைக்குழாய் வழியே கைப்பம்பினால் காற்றை வெளியேற்றுக. நீர் 68 அங்குலம் ஏறுங்கால் முள் 5-இல் நிற்றல் வேண்டும், வேறுபாட்டைக் குறித்துக்கொள்க.

பயன்: பம்பு ஓடும்போது நீர்மட்டம் 17 அடி கீழிருப்பின், முள் 15-க்குச் சற்று மேல் நிற்கும். மிக ஏறினால் புட்வால்வின் சல்லடை அடைபட்டிருக்கலாம். தாழ்ந்து ஆடினால் இணைப்பில் காற்றுப் புகலாம். இவற்றைச் சீர்செய்த பின்பும் நீர் போதாதாயின், கிணற்றில் கைவைக்கும் முன் நீரின் உவர்ப்பைப் பரிசோதிப்பித்தல் அவசியம்.