நாற்றங்கால் யாருடையது?

தேய்ந்துபோன அணியைப் புதுப்பிக்க இரண்டு வழிகள் உண்டு. தேர்ந்தவரை விலைக்கு வாங்கலாம். இளைஞரைச் சேர்த்து வளர்க்கலாம். ரயில்வேயில் இருந்த எனக்கு இரண்டாம் வழி புதிதல்ல. பட்டறையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவர்களே பின்னாளில் பட்டறையைத் தாங்கினார்கள்.

அமெரிக்க பேஸ்பாலில் செயிண்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக பிராஞ்ச் ரிக்கி 1920-களில் இதை முறைப்படுத்தினார். சிறு நகரங்களின் அணிகளைக் கைக்கொண்டு, அவற்றில் பையன்களைப் பழக்கிப் படிப்படியாக மேலே ஏற்றினார். நாற்றங்காலும் வயலும் ஒருவருக்கே சொந்தம்.

நம் ஐ.பி.எல். கிரிக்கெட்டில் அப்படியில்லை. இளைஞரை உருவாக்குவது பெரும்பாலும் மாநிலச் சங்கங்கள். ஏலத்தில் எடுப்பது வேறு யாரோ. 2016-ல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீகில் வெளிச்சத்துக்கு வந்த சேலத்து நடராஜனை, 2017-ல் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்துக்கொண்டது.

ஐந்து முறை கோப்பை வென்ற சென்னை சூப்பர் கிங்ஸ் 2025-ல் கடைசி இடத்துக்கு இறங்கியது. அவ்வாண்டு டிசம்பர் ஏலத்தில், அதுவரை இந்தியாவுக்கு ஆடியிராத உத்தரப் பிரதேசத்து பிரசாந்த் வீர் (வயது 20), ராஜஸ்தானத்து கார்த்திக் சர்மா (வயது 19) இருவருக்கும் தலா 14.20 கோடி கொடுத்தது.

பணம் நாற்றை வாங்கும், பருவத்தை வாங்காது. நாலு ஆட்டம் சோபிக்காத பையனை ஓரங்கட்டினால் அது வளர்ப்பே ஆகாது.

மட்டாஞ்சேரியில் மட்டை பிடிக்கும் நம் பிள்ளைகளுக்கு நாற்றங்கால் சென்னையில் இல்லை. எர்ணாகுளம் மாவட்ட அணியில் இருக்கிறது. கேரளம் 2024-25-ல் முதன்முறையாக ரஞ்சி இறுதிப்போட்டியை எட்டியது. ஆகவே பெற்றோரே, பிள்ளையை மாவட்டத் தேர்வுக்கு அழைத்துச் செல்லுங்கள். பலனுக்குச் சில ஆண்டுகள் பொறுத்திருங்கள்.