அக்டோபர் 14க்குப் பிறகும் ஓடும் கணினி

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. அந்த மாதம் கடைக்கு வந்தவர்கள் மாற்றி மாற்றிக் கேட்டது ஒன்றுதான்: "இனிமே கம்ப்யூட்டர் ஓடாதாமே, நெசமா அண்ணே?" மறுநாளும் ஓடியது. புதிதாகத் தெரியவரும் ஓட்டைகளை அடைக்க மாதாமாதம் தானாக வந்துகொண்டிருந்த அப்டேட்தான் நின்றது.

பெரிய முதலியார்சாவடியில், ஈ.சி.ஆர். ஓரமாக டி.டி.பி., ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, ஆன்லைன் விண்ணப்பம், ஆரோவில் பக்கம் வந்து தங்குகிறவர்களுக்கு டிக்கெட் பிரிண்ட் என்று நாள் ஓடும். அக்கம்பக்கத்து கெஸ்ட் ஹவுஸ், மரக்காணம் உப்பு வியாபாரி என்று தெரிந்தவர்களின் கணினிகளும் என்னிடம்தான் வரும். புதிய விண்டோஸுக்கு மாறலாமா என்று யாராவது கேட்டால், முதலில் அந்தக் கணினியில் என்னென்ன செருகியிருக்கிறது, அதை வைத்து என்ன வேலை நடக்கிறது என்று விசாரிப்பேன். மாடல், ராம் எல்லாம் பிறகுதான்.

தகுதிப் பட்டியல் எளிது. விண்டோஸ் 11க்கு 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. இடம், டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு, இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் செயலியே இதைச் சோதித்துச் சொல்லிவிடும். டி.பி.எம். இல்லை என்று அது சொன்னால் உடனே நம்ப வேண்டாம். பல போர்டுகளில் அந்த வசதி பயாஸில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். பயாஸுக்குள் போய் இன்டெலில் பி.டி.டி., ஏ.எம்.டி.யில் எஃப்.டி.பி.எம். என்ற பெயரில் தேடிப் பாருங்கள்.

சிக்கல் இதற்கு அப்புறம்தான். விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பு கிடையாது. 2 ஜி.பி. ராம் காலத்துப் பழக்கத்தில் 32 பிட் விண்டோஸ் 10 போட்ட கணினிகள் டி.டி.பி. கடைகளில் இன்னும் இருக்கின்றன. அவற்றை அப்படியே ஏற்ற முடியாது. துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். போட்ட பிறகு பழைய லேசர் பிரிண்டருக்கு 64 பிட் டிரைவர் தேட வேண்டும். டிரைவர் கிடைக்காவிட்டால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிரிண்டர் அன்றோடு பழைய இரும்பு. ஸ்கேனர், கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். டிரைவரை முதலில் இறக்கி ஒரு பென் டிரைவில் வைத்துக்கொண்டு, அப்புறம் கணினியில் கை வையுங்கள்.

எழுத்துருவும் அப்படித்தான். யூனிகோடு வருவதற்கு முந்தைய பாமினி, வானவில் எழுத்துகளில் அடித்த பத்திரிகைக் கோப்புகள் எங்களைப் போன்ற கடைகளில் குவிந்து கிடக்கின்றன. துடைத்துப் போடும்போது ஃபான்ட்ஸ் கோப்புறையை நகலெடுக்க மறந்தால், மணமக்கள் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை தெரியும். யூனிகோடில் மட்டும் அடிப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது.

கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கும் அக்காவை மட்டும் நான் யோசிக்க விடவில்லை. "வேலை செய்யுதே தம்பி, எதுக்கு மாத்தணும்?" என்றார். வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும். இங்கே எல்லோரும் சி ஃபார்ம் என்பார்கள். அதனால் அவர் கணினி நாள் முழுக்க இணையத்திலேயே கிடக்கிறது, உள்ளே ஊர்ப்பட்ட பாஸ்போர்ட் நகல்கள். 2017 மே மாதம் வான்னாகிரை என்ற ரேன்சம்வேர் பரவியபோது திருப்பதி தேவஸ்தானக் கணினிகள்கூடச் சிக்கின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். அக்காவுக்கு 11 போட்டாயிற்று.

மரக்காணம் உப்பு வியாபாரியின் கணினி இதற்கு நேர் எதிர். கணக்கு எழுதும், பில் அடிக்கும், அவ்வளவுதான். இணையமே கிடையாது. அதைத் தொடாதீர்கள் என்றேன். மூடியைக் கழற்றி ராமின் காலை அழிப்பானால் தேய்த்து, உப்புக்காற்றில் பிடித்த பாசியை எடுத்துக் கொடுத்ததுதான் நான் செய்த ஒரே அப்கிரேடு.

தகுதி இல்லாத கணினியில் சோதனையை ஏமாற்றி 11 ஏற்றும் வித்தைகள் உண்டு. கடைக்கணினிக்கு நான் அதைச் செய்வதில்லை. அப்படி ஏற்றியதற்கு அப்டேட் வரும் என்ற உறுதி இல்லை, அப்டேட்டுக்காகத்தானே மாறுகிறோம்? அதைவிட லினக்ஸ் மேல். 2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்துக் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது; திறந்து பார்த்த பிள்ளைகள் குறைவு. அப்படி ஒரு லேப்டாப்பில் எஸ்.எஸ்.டி. மாட்டி லினக்ஸ் மின்ட் போட்டோம், பாடம் பார்க்கவும் பயோடேட்டா அடிக்கவும் தாராளமாகப் போதும். மின்ட் 22க்கு 2029 வரை அப்டேட் உண்டு. கைகொடுக்க விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழுவே இருக்கிறது.

மாறுவதென்று முடிவானால் நாள் பார்த்துச் செய்யுங்கள். முகூர்த்த மாதத்தில் வேண்டாம்; ஜி.எஸ்.டி. கட்டுகிறவர் 20ஆம் தேதி தாண்டட்டும். ஐப்பசி, கார்த்திகையில் யு.பி.எஸ். இல்லாமல் தொடவே தொடாதீர்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியது இந்தக் கடற்கரையில்தான். அப்டேட் பாதியில் கரண்ட் போனால் விண்டோஸ் எழுந்திருக்காமலே போகலாம். துடைக்காமல் நேரடியாக ஏற்றினால், பிடிக்காவிட்டால் 10 நாளுக்குள் பழையதுக்கே திரும்ப வழி இருக்கிறது. அதனால் முதல் வாரமே எல்லாப் பிரிண்டரிலும் ஒரு தாள் அடித்துப் பாருங்கள். புதிதாகப் போட்ட 11 பல கணினிகளில் பிட்லாக்கரால் டிஸ்க்கைத் தானே பூட்டிக்கொள்ளும். அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். சாவி இல்லாமல் வந்த லேப்டாப்பில் எந்தக் கடைக்காரராலும் படங்களை மீட்டுத் தர முடியாது.

என் டி.டி.பி. கணினி இன்னும் 10தான். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து நீட்டிப்பில் சேர்ந்ததால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியில் ஆதரவு நின்றும், குரோம் அதைக் கைவிட்டது 2023இல்தான். அரசு இணையதளங்கள் மக்கர் செய்தது அதற்குப் பிறகுதான். குரோம் 10ஐக் கைவிடும்வரை நான் காத்திருக்கப்போவதில்லை. நீட்டிப்பு முடிந்ததும் நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பழைய பிரிண்டரோடு பத்திரிகை அடிக்க மட்டும் வைத்துக்கொள்வேன். ஆன்லைன் விண்ணப்பமெல்லாம் பக்கத்து மேசையிலுள்ள இன்னொரு கணினிக்குப் போய்விடும்.