மண்ணின் நிறம் சொல்லும் தண்ணீர்க் கணக்கு

(மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு மாணவன்)



மண் ஆய்வுக்கூடத்தில் நாம் எல்லோருமே சல்லடையை ஆட்டியிருக்கிறோம். ஐ.எஸ். 1498 விதிப்படி 4.75 மி.மீ. முதல் 0.075 மி.மீ. வரை மணல், 0.075 முதல் 0.002 வரை சில்ட் எனப்படும் வண்டல்; அதற்கும் கீழே களி. சலித்து, எடை போட்டு, வளைகோடு வரைந்து, ரெக்கார்டில் கையெழுத்து வாங்கியதும் மண்ணை மறந்துவிடுகிறோம். ஆனால் அந்த வளைகோடு ஒரு விஷயத்தைச் சொல்லவே சொல்லாது. அந்த மண் கிடக்கிற இடத்தில் தண்ணி வடியுமா, தங்குமா என்பதுதான் அது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

என் சொந்த ஊர் போடி பக்கத்தில் பொட்டிபுரம். அப்பாவும் அம்மாவும் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஜீப்பில் ஏறிக் கடந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான் முதல் ஆள். அதனால் ஊரில் யார் குழி தோண்டினாலும், "படிக்கிற பையன், நீ வந்து பாருப்பா" என்று கூப்பிடுவார்கள். மண்ணைப் பற்றி நான் தேடிப் படிக்கத் தொடங்கியதற்கு அதுதான் காரணம்.

1. இருமண்பாட்டு மண் என்றால் என்ன?

மணல், வண்டல், களி மூன்றும் கலந்து, எதுவும் மிஞ்சாமல் இருப்பதை விவசாய நூல்களில் இருமண்பாட்டு மண் என்கிறார்கள். ஆங்கிலத்தில் லோம். களி 7 முதல் 27 சதவீதம், வண்டல் 28 முதல் 50 சதவீதம், மணல் 52 சதவீதத்துக்கு மேல் போகாமல் இருந்தால் அது லோம். நல்ல லோம் மண்ணின் கன அளவில் ஏறக்குறைய பாதி வெறும் இடைவெளிதான். அந்த இடைவெளியில் தண்ணியும் காற்றும் பங்கு போட்டுக்கொள்ளும். பயிருக்கு இதைவிட நல்ல மண் இல்லை என்று எல்லா நூலும் சொல்லும். அந்த நல்ல மண்ணே சில இடங்களில் பயிரைக் கொல்கிறதே, ஏன்?

2. பனிப்பாறை நாட்டு உதாரணம்

இதற்கு வெளிநாட்டு நூல்களில் வருகிற உதாரணம் பனியாற்றுப் படிவு. பனிப்பாறை நகரும்போது கல், மணல், களி என்று கையில் கிடைத்ததையெல்லாம் அரைத்துக் கலந்து, தன் எடையால் அமுக்கி விட்டுப்போகும். அதற்குப் பெயர் டில். மேலே ஓரிரு அடி லோம், கீழே கல்லாக இறுகிய டில். மழைத் தண்ணி லோமில் சுலபமாக இறங்கி, டில் மேல் முட்டி நின்றுவிடும். உண்மையான நிலத்தடி நீர்மட்டம் எங்கோ ஆழத்தில் இருக்க, இங்கே நடுவில் தொங்கலாக ஒரு நீர்மட்டம் உருவாகிறது.

அமெரிக்காவின் இண்டியானாவில் இப்படி மூன்று மண்கள் அடுத்தடுத்து உண்டு. மேட்டில் ஓரளவு நன்றாக வடியும் மயாமி, நடுவில் அரைகுறையாக வடியும் கிராஸ்பி, பள்ளத்தில் தண்ணி தங்கும் புரூக்ஸ்டன். மூன்றுக்கும் அடியில் கிடப்பது டில்தான். பேர் மாறியதற்குப் பெரிய காரணம் வடிகால்.

1935-ல் கிழக்கு ஆப்பிரிக்காவில் வேலை பார்த்த ஜெஃப்ரி மில்ன் என்ற மண் விஞ்ஞானி, இப்படி மேட்டிலிருந்து பள்ளம் வரை வரிசையாக மாறும் மண்களுக்கு 'கெட்டீனா' என்று பெயர் வைத்தார். லத்தீனில் சங்கிலி என்று பொருள். பனியாற்றுப் படிவு இல்லாத வெப்ப நாட்டுச் சரிவுகளில் அவர் இதைக் கண்டார் என்பதைக் கவனியுங்கள். அப்படியென்றால் நம் மலையிலும் அந்தச் சங்கிலி இருக்க வேண்டும் அல்லவா?

3. நம்ம மலைச் சங்கிலி

போடி மேற்கு மலையின் பாறை சார்னகைட். நியூட்ரினோ ஆய்வகத்துக்காக எங்கள் ஊர் மலையை ஆராய்ந்தபோது இந்தப் பெயர் செய்தித்தாளில் அடிபட்டது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை அனுமதி கொடுத்ததும், பிறகு எழுந்த எதிர்ப்பும் எல்லோரும் அறிந்தது. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. பாறையின் பெயர்க் கதை மட்டும் சுவையானது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறை. அதை வைத்துத்தான் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் இந்தப் பெயரைச் சூட்டினார்.

இந்தப் பாறையில் இரும்பு கலந்த கனிமங்கள் உண்டு. பாறை மட்கி மண்ணாகும்போது அந்த இரும்பு துருப்பிடித்து மண்ணைச் சிவப்பாக்குகிறது. மலைச்சரிவில் செம்மண் வந்த கதை இதுதான். மழையில் மேலிருந்து சரிந்த மண்ணும் கல்லும் பள்ளத்தில் கலவையாகச் சேர்கிறது. இறுகிய களியோ பாறையோ அடியில் இருந்தால், டில் செய்கிற வேலையை இங்கே அது செய்துவிடும்.

போன ஆடி மாசம், அப்பா வேலை செய்யும் தோட்டத்துப் பக்கம் இரண்டு இடங்களில் ஒன்றரை அடி தோண்டி மண் எடுத்தேன். ஒன்று சரிவின் நடுவில். இன்னொன்று கீழே ஓடையோரம். மேலாக இலைமக்கு மூடியிருந்ததால் இரண்டு இடமும் ஒரே கறுப்புத்தான். தோண்டின பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. சரிவில் செங்கல் நிறம். ஓடையோரத்தில் நீலம் பாய்ந்த சாம்பல் நிறம், வேர் போன தடமெல்லாம் துருப்புள்ளி.

இரண்டையும் தனித்தனிக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, தண்ணி ஊற்றிக் குலுக்கி வைத்தேன். மணல் ஒரு நிமிஷத்தில் அடங்கும். வண்டல் படியச் சில மணி நேரம் ஆகும். களி ஒரு நாளுக்கு மேலும் கலங்கியே நிற்கும். எல்லாம் படிந்த பின் பார்த்தால் இரண்டு பாட்டிலிலும் அடுக்குகள் கிட்டத்தட்ட ஒரே உயரம்! சல்லடைக்கு இரண்டும் ஒரே மண். நிலத்தில் இரண்டும் வேறு வேறு.

அப்பாவிடம் காட்டினேன். "இதுக்கா பாட்டில்? மேல செவப்பு நிக்கும், கீழ நீலம் நிக்காது. இது எங்களுக்குத் தெரிஞ்சதுதானே" என்றார்.

4. நிறம் ஏன் மாறுகிறது?

அப்பா சொன்னதற்கு விஞ்ஞானக் காரணம் இது. மண்ணின் இடைவெளி முழுக்கத் தண்ணி நிரம்பினால் காற்று வெளியே போய்விடும். மிச்சமிருக்கும் ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் சீக்கிரமே தீர்த்துவிடும். அதற்குப் பிறகு அவை மூச்சுக்குப் பதிலாக முதலில் நைட்ரேட்டையும், அடுத்து மாங்கனீசையும், அதன் பின் இரும்பையும் பயன்படுத்துகின்றன. துருப்பிடித்த இரும்பு தண்ணியில் கரையாது. நுண்ணுயிரிடம் எலக்ட்ரானை வாங்கிக்கொண்ட இரும்பு கரையும். அது கரைந்து நகர்ந்துபோக, மண் சாயம் போன வேட்டி மாதிரி சாம்பலாகிறது. கோடையில் வேர்த்துளை வழியாகக் காற்று திரும்ப நுழையும்போது, அந்த இடத்தில் மட்டும் இரும்பு மறுபடி துருவாகப் படிகிறது. அதுதான் புள்ளி.

ஆகவே சிவப்பு என்றால் காற்றோட்டம். சாம்பலோடு புள்ளி என்றால் வருஷத்தில் சில மாசம் தண்ணி நிற்கிறது. முழு நீலச்சாம்பல் என்றால் பெரும்பாலும் நிற்கிறது. அழுகிய முட்டை வாடையும் சேர்ந்தால், கந்தகம் வரைக்கும் போய்விட்டது என்று அர்த்தம்.

முக்கியமான சேதி: சித்திரையில் தோண்டினால் குழி காய்ந்துதான் இருக்கும். ஆனால் ஐப்பசியில் தண்ணி எந்த மட்டம் வரை ஏறும் என்பதை நிறம் அப்போதே காட்டிக்கொடுக்கும்.

5. ஏலச்செடிக்கு என்ன ஆகிறது?

ஏலம் ஈரம் கேட்கும் செடி. தேங்கிய தண்ணி அதற்கு ஆகாது. வேர்கள் மேல்மண்ணிலேயே பரவுகின்றன. தண்ணி நின்றால் வேருக்கு மூச்சு கிடையாது. அதோடு பித்தியம், பைட்டோப்தோரா என்ற நோய்க்கிருமிகளின் வித்துகள் தண்ணியில் நீந்திப் போகக்கூடியவை. ஈரம் நிறைந்த மண் அவற்றுக்கு ராஜபாட்டை. கிழங்கு அழுகித் தூர் சாய்ந்துவிடும். காய் அழுகும் நோய்க்கு ஆராய்ச்சி நூல்களிலேயே 'அழுகல்' என்றுதான் பெயர். நம்ம தோட்டத்து ஆட்களின் சொல் ஆங்கிலப் புத்தகத்தில் ஏறிவிட்டது!

ஒரு தூர் போனால் முதலாளிக்கு ஒரு தூர் நஷ்டம். கூலிக்காரருக்கோ அந்தப் பருவத்தில் காய் எடுக்கும் நாட்களும் குறையும். எங்கள் வீட்டு அடுப்பு வரைக்கும் அந்த வடிகால் வருகிறது.

6. வீடும் குழியும்

இனி நம் சிவில் வேலைக்கு வருவோம். எங்கள் பக்கம் கண்மாய்க் கரைக்குக் கீழே ஒரு தெருவில் கோடை காலத்தில் கக்கூசுக்கு உறிஞ்சு குழி தோண்டினார்கள். குழி காய்ந்திருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கார்த்திகையில் குழிகள் தண்ணியை உறிஞ்சுவதற்குப் பதில் கக்கின. பக்கத்துக் கிணற்றுத் தண்ணியைப் பல வாரம் யாரும் குடிக்கவில்லை. மழை விட்ட பின் குழிப்பக்கத்து மண்ணை நான் பார்த்தேன். இரண்டடிக்குக் கீழே நல்ல சாம்பல், துருப்புள்ளி. தோண்டிய அன்றே அது அங்கே இருந்திருக்கும். படிக்கத் தெரிந்தவர் யாரும் குழியருகே நிற்கவில்லை.

அஸ்திவாரத்துக்கும் இதே கணக்குத்தான். மணற்பாங்கான மண்ணில் நீர்மட்டம் தரைமட்டம் வரை ஏறினால் தாங்குதிறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். சுவரில் ஓதம் ஏறுவது அதற்கு அடுத்த தொல்லை.

சரிவில் நடப்பது இன்னும் கொடுமை. 1925-ல் டெர்சாகி சொன்ன விதி நினைவிருக்கும்: மொத்த அழுத்தத்தில் நுண்துளை நீரழுத்தத்தைக் கழித்தால் மிஞ்சுவதே மண்ணைப் பிடித்துவைக்கும் பயனுறு அழுத்தம். பாறைமேல் கிடக்கும் மண்ணில் தண்ணி வடிய வழியில்லாமல் நிரம்பினால் அந்தப் பிடி தளர்ந்துபோகும். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில், பெருமழையில் மலை சரிந்து தொழிலாளர் லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. அவர்களில் பலர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். பயனுறு அழுத்தம் என்பது இரண்டு மதிப்பெண் கேள்வி மட்டும் அல்ல, நண்பர்களே.

7. களத்தில் செய்ய வேண்டியவை

(1) மேல்மண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குறைந்தது மூன்றடி தோண்டி, பக்கவாட்டு மண்ணைக் கத்தியால் சீவிப் பாருங்கள்.

(2) சாம்பல் நிறமும் துருப்புள்ளியும் எந்த ஆழத்தில் தொடங்குகின்றன என்று அளந்து எழுதுங்கள். மழைக்கால நீர்மட்டம் ஏறக்குறைய அதுவரை வரும்.

(3) உறிஞ்சு குழிக்கு முன், சிறு குழி தோண்டி, பக்கங்களைக் கீறிவிட்டு, தண்ணி நிரப்பி ஒரு இரவு ஊறவிடுங்கள். மறுநாள் மீண்டும் தண்ணி விட்டு, அரை மணியில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். கோடையில் செய்தால் நிறத்தையும் சேர்த்தே முடிவு சொல்லுங்கள்.

(4) சரிவில் கட்டினால் மேற்புறத்தில் மழைநீரைத் தடுத்துத் திருப்பும் வாய்க்கால் வேண்டும். தடுப்புச் சுவரில் நீர் கசியும் துளைகளை அடைக்காதீர்கள்.

(5) ஏலத்தோட்டப் பள்ளத்தில் மழைக்கு முன்பே வடிகால் வெட்டி, அது ஓடையில் சேர்கிறதா என்று கடைசி வரை நடந்து பாருங்கள். போக்கிடம் இல்லாத வாய்க்கால் தொட்டிக்குச் சமம்.

(6) நிறத்தை மட்டும் நம்பிவிடவும் கூடாது. கரிசல் மண் கறுப்பாகவே இருக்கும். இரும்பு இல்லாத வெள்ளை மணலில் துரு தெரியாது. பழைய செம்பூரான் கல்லில் முன்னொரு காலத்துப் புள்ளிகள் இன்றும் இருக்கலாம். நிறத்தோடு நிலத்தின் கிடப்பையும் ஊர்ப் பெரியவர் சொல்லையும் சேர்த்துப் பாருங்கள்.

முடிவுரை

இந்தச் சோதனைகளுக்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு மம்பட்டி, ஒரு கத்தி, ஒரு பாட்டில் போதும். மண்ணைத் தொட்டே வாழ்ந்த நம் பெற்றோருக்கு இதில் பாதி ஏற்கனவே தெரியும். ஆனால் அவர்கள் சொல்லை யாரும் படிவத்தில் எழுதிக்கொள்வதில்லை. நாளை படிவத்தை நிரப்புகிற பேனா நம் கையில் இருக்கும். "மண்: செம்மண். நிலை: காய்ந்தது" என்று கோடையில் ஒரு வரி எழுதிவிட்டு நகராமல், இன்னும் ஒரு அடி தோண்டச் சொல்வோம். அந்த ஒரு அடிதான் ஒரு தெருவின் கிணற்றைக் காப்பாற்றும்.