சிவப்புக் குமிழ் உங்கள் சொல்பேச்சு கேட்க...

திங்க்பேட் லேப்டாப்பில் ஜி, ஹெச், பி கீகளுக்கு நடுவே இருக்கிற சிவப்புக் குமிழ்தான் டிராக்பாயின்ட். 1992-ல் ஐபிஎம் நிறுவனம் திங்க்பேட் 700சி-யில் கொண்டுவந்தது. டைப் அடிக்கிற கையை எடுக்காமலே கர்சரை நகர்த்தலாம். 'தானா ஓடுது, சரிப்பட்டு வரலை' என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள் தங்கைகளே. அக்கா சொல்வதைச் செய்து பாருங்கள்.

1. கர்சர் தானாக ஓடினால் விரலை எடுத்துவிடுங்கள். எதிர்ப்பக்கம் இழுத்துப் போராட வேண்டாம். அந்தக் குமிழ் நகர்வதில்லை. நாம் தள்ளுகிற அழுத்தத்தை அடியில் இருக்கும் சென்சார் அளக்கிறது. ஒரே பக்கம் ரொம்ப நேரம் அழுத்தினால் அதையே 'பூஜ்யம்' என்று எடுத்துக்கொள்ளும். விரலை எடுத்ததும் கர்சர் மறுபக்கம் ஓடுவது அதனால்தான். சில நொடி சும்மா விட்டால் தானே சரியாகிவிடும்.

2. லேப்டாப்பை ஆன் செய்யும்போது குமிழின் மேல் விரல் வேண்டாம்.

3. கர்சரைத் தள்ளித் தள்ளி விடுங்கள். ஒரே அழுத்தாக அழுத்திக்கொண்டே இருப்பதுதான் முதல் பிரச்சினைக்குக் காரணம்.

4. விண்டோஸில் மவுஸ் செட்டிங்ஸுக்குள் டிராக்பாயின்ட்டுக்கென்று சென்சிட்டிவிட்டி ஸ்லைடர் இருக்கும். விண்டோவை மூடும் பெருக்கல் குறியின் மேல் கர்சரைக் கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள். தாண்டிப் போனால் குறையுங்கள்; விரல் நுனி வலித்தால் கூட்டுங்கள். ஒவ்வொரு படியாக மாற்றி, அரை நாளாவது வேலை பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். லினக்ஸில் இந்த அளவு 0 முதல் 255 வரை. வழக்கமாக 128-ல் இருக்கும். மாற்றியதை நிரந்தரமாகப் பதிந்து வைக்காவிட்டால், ரீஸ்டார்ட் செய்ததும் பழைய அளவுக்கே போய்விடும்.

5. குமிழின் மேல் இருக்கும் ரப்பர் கேப் தேய்ந்து வழவழப்பானால் விரல் வழுக்கும், கூடுதலாக அழுத்துவீர்கள். கழற்றிவிட்டுப் புதிது போடுங்கள். மாடலுக்கு மாடல் உயரம் வேறு, பார்த்து வாங்குங்கள். கேப் முழுசாக உட்கார்ந்திருக்க வேண்டும், பக்கத்துக் கீயில் உரசவும் கூடாது.

6. கேப்பைக் கழற்றி, கையும் வைக்காமல் விட்ட பிறகும் கர்சர் ஓடிக்கொண்டே இருந்தால் கீபோர்டில் கோளாறு இருக்கலாம். அப்போது சர்வீஸுக்குக் கொடுங்கள்.

பாதிப் பேர் செய்யும் தவறு, கர்சர் ஓடியதுமே செட்டிங்ஸைக் கலைத்துப்போடுவது. முதலில் விரலை எடுங்கள். செட்டிங்ஸெல்லாம் அதற்கு அப்புறம்தான்.