ஃபயர்வாலை அணைக்காமலே பழுதைக் கண்டறிவோம்

பெங்களூருவின் பீன்யா, பொம்மசந்திரா தொழிற்பேட்டைகளிலும் சிக்பேட்டையின் மொத்த வணிகக் கடைகளிலும், கணக்குப் பிரிவின் மூலையில் ஒரு கணினி இரவும் பகலும் இயங்கிக்கொண்டிருப்பதைக் காணலாம். விலைப்பட்டியல்கள், ஜி.எஸ்.டி. விவரங்கள், வங்கியில் பதிவேற்ற வேண்டிய ஊதியக் கோப்பு ஆகிய யாவும் அதில்தான் சேர்கின்றன. அலுவலகத்தின் மற்றக் கணினிகள் அதனிடமிருந்து கோப்புகளைப் பெறுகின்றன. அதுவே அந்நிறுவனத்தின் கோப்புப் பரிமாற்ற சர்வர்.

ஊதிய நாளன்று அந்தச் சர்வருடன் இணைப்புக் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். “ஃபயர்வாலை அணைத்துவிடுங்கள்” என்று யாரேனும் சொல்வார். அணைத்ததும் வேலை நடந்துவிடும். மீண்டும் அதை இயக்க வேண்டும் என்பது மட்டும் ஒருவருக்கும் நினைவிராது. பூட்டு திறக்கவில்லை என்பதற்காகக் கதவையே கழற்றி வைப்பதற்கு ஒப்பானது இது. அணைக்காமலே பழுதைக் காணும் வழியை இவ்விதழில் பார்ப்போம்.

இரு வாயில்கள்

வங்கிக் கிளையில் பணத்துக்கு ஒரு கவுண்ட்டர், கடனுக்கு ஒரு கவுண்ட்டர் இருப்பதுபோல், கணினியிலும் ஒவ்வொரு பணிக்கும் எண்ணிட்ட வாயில் உண்டு. அதனை ‘போர்ட்’ என்கிறோம். எந்த வாயிலில் யாரை அனுமதிப்பது என்று முடிவு செய்யும் காவலரே ஃபயர்வால்.

கோப்புப் பரிமாற்றத்துக்கான எஃப்.டி.பி. முறையின் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவர், ஐ.ஐ.டி. கான்பூரில் பயின்று அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த அபய் பூஷண் என்னும் இந்தியர். 1985இல் வகுக்கப்பட்டு இன்றும் அடிப்படையாக உள்ள விதியின்படி, இம்முறையில் இரு இணைப்புகள் தேவை. பயனர் பெயர், கடவுச்சொல், கட்டளைகள் ஆகியவை 21ஆம் போர்ட்டில் செல்லும். கோப்புகள் வேறொரு போர்ட்டில் செல்லும். முதல் வாயில் திறந்து இரண்டாவது மூடியிருப்பதே பல தொல்லைகளுக்குக் காரணம்.

வரிசையாகச் சோதிக்கும் முறை

1. முதலில் சர்வர் கணினியில் அமர்ந்து, 127.0.0.1 என்ற முகவரிக்கு இணைத்துப் பாருங்கள். அங்கேயே இணையவில்லை எனில் சர்வர் மென்பொருள் இயங்கவில்லை என்று கொள்ளலாம்; அநேகமாக ஃபயர்வால் மீது குற்றமில்லை.

2. அடுத்து, சர்வரின் முகவரியைப் பாருங்கள். ரவுட்டர் புதிய முகவரி வழங்கியிருந்தால் மற்றக் கணினிகள் பழைய முகவரியையே தேடிக்கொண்டிருக்கும். ரவுட்டர் அமைப்பில் சர்வருக்கென ஒரு முகவரியை ஒதுக்கி வைப்பது நலம். முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை, கேபிளைச் சரிபாருங்கள்.

3. பிழைச் செய்தியைக் கவனியுங்கள். இணைப்பு உடனே மறுக்கப்பட்டால், பெரும்பாலும் அந்த வாயிலில் மென்பொருள் காத்திருக்கவில்லை. நெடுநேரம் காத்திருந்து நேரம் முடிந்தது என்று வந்தால், ஃபயர்வால் ஓசையின்றித் தடுத்திருக்க வாய்ப்பு மிகுதி.

4. விண்டோஸ் அமைப்பில் உங்கள் நெட்வொர்க் ‘பிரைவேட்’ என்றுள்ளதா, ‘பப்ளிக்’ என்றுள்ளதா எனப் பாருங்கள். ரவுட்டரை மாற்றியபின் அது பப்ளிக் ஆகியிருக்கலாம். அப்போது பிரைவேட்டுக்கென எழுதிய அனுமதி விதி செயற்படாது. நம் சொந்த அலுவலக நெட்வொர்க்கை மட்டுமே பிரைவேட் ஆக்க வேண்டும்.

5. கடவுச்சொல் ஏற்கப்பட்டு, கோப்புப் பட்டியல் மட்டும் வராமல் நின்றால் இரண்டாவது வாயில் மூடியிருக்கிறது. சர்வர் மென்பொருளின் ‘பாசிவ்’ பகுதியில் 50000 முதல் 50100 வரை என்பதுபோல் ஒரு சிறு வரம்பைக் குறித்து, அதே வரம்பை ஃபயர்வாலின் ‘இன்பவுண்ட்’ விதியிலும் அனுமதியுங்கள்.

6. இவை யாவும் சரியாக இருந்தும் இணையவில்லை எனில், ஆன்ட்டிவைரஸ் மென்பொருளுக்குத் தனியே ஒரு ஃபயர்வால் உண்டா என்று பாருங்கள்.

விதியை எழுதும்போது உள்ளூர் நெட்வொர்க்கிலுள்ள கணினிகளுக்கு மட்டும் அனுமதி தாருங்கள். சாதாரண எஃப்.டி.பி.யில் கடவுச்சொல் மறைக்குறியாக்கமின்றிச் செல்வதால், இயன்றவரை எஸ்.எஃப்.டி.பி. முறைக்கு மாறுங்கள். அதற்கு வழக்கமாக 22ஆம் போர்ட் ஒன்றே போதும். காக்க வேண்டிய வாயிலும் ஒன்றாகிவிடும்.

2017 புகட்டிய பாடம்

இத்தனை எச்சரிக்கை தேவையா என்று ஐயுறுவோர் 2017 மே 12ஆம் நாளை நினைவுகூரலாம். ‘வான்னாக்ரை’ என்னும் தீநிரல் அன்று பரவத் தொடங்கி, 150 நாடுகளுக்கு மேல் கணினிகளைத் தாக்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்கு 300 டாலர் மதிப்புள்ள பிட்காயினைக் கேட்டது. இந்தியாவில் ஆந்திரக் காவல்துறையின் கணினிகள் சிலவும் பாதிக்கப்பட்டன. விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கான 445ஆம் போர்ட் வழியாக, யாரும் எதனையும் கிளிக் செய்யாமலே, அது கணினிக்குக் கணினி தாவியது. இதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. திருத்தத்தை நிறுவாமல், அந்த வாயிலையும் திறந்து வைத்திருந்த கணினிகளே அதற்கு இரையாயின.

எனவே 445ஆம் போர்ட்டை இணையத்தை நோக்கி ஒருபோதும் திறக்காதீர்கள். அலுவலகத்தினுள் திறந்தே ஆக வேண்டிய கணினியில் விண்டோஸ் அப்டேட்டுகளைத் தள்ளிப்போடாதீர்கள். ஊதியக் கோப்புகளின் நகலை, வேலை முடிந்ததும் கழற்றி வைக்கக்கூடிய ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். கழற்றி வைத்த நகலைத் தீநிரல் எட்டாது.

இறுதியாக ஒன்று. உங்கள் ஃபயர்வாலை அணைக்குமாறோ, தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவுமாறோ வங்கி அலுவலர்களாகிய நாம் தொலைபேசியில் கேட்பதில்லை. அவ்வாறு ஒருவர் கேட்டால் இணைப்பைத் துண்டியுங்கள். பணம் பறிபோயிருந்தால் தாமதமின்றி 1930 என்ற தேசிய உதவி எண்ணிலும் உங்கள் கிளையிலும் தெரிவியுங்கள்.