டிராக்டர் ஏன் கிளம்பவில்லை?

விக்ரோலி பார்க் சைட்டில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு மாமா இருக்கிறார். அவர் ஊர் சங்கரன்கோவில் பக்கம். பல வருடமாக டீசல் மெக்கானிக். லாரி பார்ப்பார். ஜெனரேட்டர் பார்ப்பார். டிராக்டரும் பார்ப்பார்.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி. ஊரிலிருந்து அவருக்கு போன் வந்தது. தம்பி பேசினார்.

“அண்ணாச்சி, டிராக்டர் ஸ்டார்ட் ஆகலை. இப்பதான் மழை பெஞ்சு ஈரம் இருக்கு. நாளைக்கு உழுது விதைக்கணும். மெக்கானிக் வந்து பார்த்தாரு. டீசல் பம்பை இறக்கணுமாம். எட்டாயிரம் ஆகுமாம். பணம் அனுப்புங்க.”

மாமாவிடம் அவ்வளவு பணம் இல்லை. அவர் ஒரு கேள்வி கேட்டார்.

“நேத்து வண்டி எப்படி நின்னுச்சு?”

“உழும்போதே திக்கித் திக்கி நின்னுச்சு. டீசல் தீர்ந்து போச்சு. கேன்ல வாங்கி ஊத்தினேன். அப்புறம் கிளம்பவே இல்லை.”

“அப்ப பம்பு கெட்டிருக்காது. ஏர் பிடிச்சிருக்கும். போனைத் தங்கச்சிகிட்ட குடு. நான் சொல்றதை அவ எழுதிக்கிடட்டும்.”

தம்பிக்கு எழுதத் தெரியாது. தம்பி மனைவி முதியோர் வகுப்பில் எழுதப் படித்தவர். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவர் எழுதினார். அவர் எழுதியதை நாமும் படிப்போம்.

டீசல் எஞ்சின் எப்படி ஓடுகிறது?

சைக்கிளுக்குக் காற்று அடித்திருக்கிறீர்களா? அடிக்க அடிக்க பம்பு சுடும். காற்றை அழுத்தினால் சூடு வரும். டீசல் எஞ்சினுக்குள்ளும் இதுதான் நடக்கிறது. காற்று மிகவும் அழுத்தப்படுகிறது. நெருப்புப் போல் சூடாகிறது. அதில் நாசில் வழியாக டீசல் தூவப்படுகிறது. உடனே பற்றிக்கொள்கிறது. பெட்ரோல் வண்டியில் பிளக் உண்டு. இதில் பிளக் இல்லை.

ஆகவே வண்டி கிளம்ப மூன்று வேண்டும். ஒன்று, எஞ்சின் வேகமாகச் சுற்ற வேண்டும். இரண்டு, சுத்தமான டீசல் வர வேண்டும். மூன்று, காற்று வர வேண்டும். இந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும்.

1. எஞ்சின் சுற்றுகிறதா?

கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். நிறுத்துவதற்கு இழுக்கும் குமிழ் உள்ளே போயிருக்க வேண்டும். அது வெளியே இருந்தால் டீசல் போகாது. பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

சுற்றவில்லை என்றால் பேட்டரியைப் பாருங்கள். முனையில் வெள்ளைப் பூ பூத்திருக்கும். வயரைக் கழற்றுங்கள். வெந்நீர் ஊற்றித் துடையுங்கள். பிறகு இறுக்குங்கள். அந்தப் பூ கையில், கண்ணில் படக் கூடாது.

சாவியை ஒரேயடியாகத் திருகிக்கொண்டே இருக்காதீர்கள். 10 விநாடி போதும். பிறகு ஒரு நிமிடம் விடுங்கள். இல்லாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும். ஸ்டார்ட்டரும் சூடாகும்.

2. டீசல் வருகிறதா?

டேங்கில் டீசல் இருக்கிறதா? குழாய் திறந்திருக்கிறதா? ஃபில்டரின் அடியில் தண்ணீர் தேங்கும். அடித் திருகைத் திறந்து அதை வடித்துவிடுங்கள்.

டீசல் தீர்ந்து வண்டி நின்றால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். காற்றை வெளியேற்றாமல் வண்டி கிளம்பாது. இதைத்தான் ஏர் எடுப்பது என்கிறோம்.

ஃபில்டரின் மேலே ஒரு சிறு திருகு இருக்கும். அதைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஃபீட் பம்பில் உள்ள கைப்பிடியை மேலும் கீழும் அடியுங்கள். டீசலோடு நுரை வரும். குமிழி வரும். அடித்துக்கொண்டே இருங்கள். குமிழி இல்லாமல் டீசல் மட்டும் வந்ததும் திருகை இறுக்குங்கள். இரண்டாவது ஃபில்டர் இருந்தால் அதிலும் இப்படியே. கடைசியாக டீசல் பம்பில் உள்ள காற்றுத் திருகிலும் இப்படியே.

பீடி, தீக்குச்சி பக்கத்தில் வேண்டாம். டார்ச் போதும்.

3. காற்று வருகிறதா?

பழைய டிராக்டரில் காற்று வடிகட்டியின் அடியில் எண்ணெய்க் கிண்ணம் இருக்கும். தூசி அதில் படியும். கிண்ணத்தை டீசலில் கழுவுங்கள். புது எஞ்சின் ஆயிலைக் கோடு வரை ஊற்றுங்கள்.

புகையைப் பாருங்கள்

கறுப்புப் புகை: காற்று போதவில்லை. அல்லது பாரம் அதிகம்.
நீலப் புகை: எஞ்சின் ஆயில் எரிகிறது.
வெள்ளைப் புகை: குளிரில் கிளம்பும்போது கொஞ்சம் வரும். சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஆயில் கம்பியை இழுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ போல் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. வண்டியை ஓட்டாதீர்கள்.

இவற்றைச் செய்யாதீர்கள்

• கீழே நின்று ஸ்டார்ட்டரில் ஸ்குரூ டிரைவரை வைத்துப் பொறி விடாதீர்கள். கியரில் இருந்தால் வண்டி ஆள்மேல் ஏறிவிடும். இப்படி உயிர் போனவர்கள் உண்டு.
• நாசிலில் இருந்து வரும் டீசலில் கை வைக்காதீர்கள். அந்த வேகத்தில் அது தோலுக்குள் புகும். காயம் சிறிதாகத் தெரியும். ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.
• சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.
• மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓட விடாதீர்கள். புகை ஆளைக் கொல்லும்.
• டீசல் பம்பையும் நாசிலையும் வீட்டில் பிரிக்காதீர்கள். அது மெக்கானிக் வேலை.

பிறகு என்ன நடந்தது?

தம்பி மனைவி டார்ச் பிடித்தார். ஒவ்வொரு வரியாகப் படித்தார். தம்பி செய்தார். ஃபில்டரில் நுரை நுரையாக வந்தது. பம்புத் திருகிலும் வந்தது. எல்லாத் திருகையும் இறுக்கினார்கள். நான்காவது முறை சாவி திருகியதும் எஞ்சின் இருமியது. கறுப்பாகப் புகை விட்டது. பிறகு ஓடியது. அந்தச் சத்தம் போன் வழியாக விக்ரோலிக்கும் கேட்டது.

மாமா எங்களிடம் சொன்னார்: “பணம் இருந்திருந்தா அனுப்பியிருப்பேன். பம்பும் இறங்கியிருக்கும். விதைப்பும் தள்ளிப் போயிருக்கும்.”

அந்தக் காலண்டர் தாள் இப்போது டிராக்டர் கொட்டகைச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

பேசிப் பாருங்கள்

1. மெக்கானிக் கேட்காத எந்தக் கேள்வியை மாமா கேட்டார்?
2. டீசல் தீர்ந்து நின்ற வண்டி ஏன் உடனே கிளம்பாது?
3. நம் வீட்டில் எந்த வேலைக்கு இப்படி ஒரு தாள் எழுதி ஒட்டலாம்? எழுதிக் காட்டுங்கள்.