ஏரி வெறிச்சோடிக் கிடந்ததா, அம்மிணி?

அன்புள்ள அம்மிணிக்கு,

உன் கட்டுரை ‘தூசூர் ஏரியில் ஓர் ஆண்டு’ படித்தேன். பைனாகுலர் எப்படிப் பிடிப்பது, எந்தக் கையேடு வாங்குவது என்றெல்லாம் உனக்குச் சொல்லத் தேவையில்லை. கொசு உள்ளானையும் பச்சைக்கால் கொசு உள்ளானையும் பிரித்துச் சொல்வதில் உன் கண் என் கண்ணைவிடக் கூர்மை. ஆகவே நேரே சண்டைக்கே வருகிறேன்.

கட்டுரையின் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: “பங்குனி முடிந்ததும் பறவைகள் வடக்கே திரும்பிவிட, ஐப்பசி வரை ஏரி வெறிச்சோடிக் கிடக்கிறது.” தலைப்பில் ஓர் ஆண்டு, உள்ளே அரை ஆண்டை ஒரே வரியில் மூடிவிட்டாய். அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். கையிலிருந்த காப்பி ஆறிப்போனது.

சித்திரை வெயிலில் ஒருநாள் அந்த ஏரிக்குள் இறங்கி நடந்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டாய். தண்ணீர் சுருங்கி மதகோரம் ஒரு குட்டையாக நிற்கும். மற்ற இடமெல்லாம் பாளம் பாளமாக வெடித்த மண். அங்கேதான் மஞ்சள் மூக்கு ஆள்காட்டி முட்டையிடுகிறது. கூடு என்று எதுவும் கிடையாது. சரளைக் கல்லுக்கு நடுவே சின்னப் பள்ளம், அதில் மண் நிறத்தில் நான்கு முட்டை. காலடியில் இருந்தாலும் தெரியாது. உச்சி வெயிலில் தாய்ப்பறவை குட்டைக்குப் போய் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு ஓடிவந்து முட்டைமேல் உட்காரும். அடைகாப்பது சூடேற்ற மட்டும்தான் என்று நினைத்திருப்பவர்கள் அதைப் பார்க்க வேண்டும். இங்கே வேலை முட்டை வெந்துபோகாமல் காப்பது.

அந்த நாட்களில்தான் லாரிகளும் ஏரிக்குள் இறங்கும். வண்டல் மண்ணை விவசாயிகளும் மண்பாண்டம் செய்பவர்களும் இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு அனுமதி தருகிறது. நல்ல ஏற்பாடு, குறை சொல்லவில்லை. ஏரி காய்ந்த பிறகுதான் எடுக்கவும் முடியும். ஆனால் லாரி எந்தப் பக்கமாகப் போகலாம், எந்தப் பக்கம் ஆனி வரை விட்டுவைக்கலாம் என்று கேட்டுச் சொல்ல ஆள் வேண்டுமே? “வெறிச்சோடிக் கிடக்கிறது” என்று பறவை பார்க்கிற நீயே எழுதிவிட்டால் ஜேசிபி ஓட்டுகிற பையனிடம் யார் போய் என்ன சொல்வது?

ஆடி கடைசியிலும் ஆவணி தொடக்கத்திலும் பொரி உள்ளான்கள் வந்து இறங்கிவிடும். அப்போது வருபவை பெரும்பாலும் வடக்கே குஞ்சு பொரித்து முடித்த பெரியவை; அந்த வருடத்துக் குஞ்சுகள் பின்னால் வரும். நீ ஐப்பசியில் வரவேற்புரை எழுதும்போது அவை அங்கே இரண்டு மாதம் மேய்ந்து முடித்திருக்கும். ஆவணி, புரட்டாசி இடிமழையில் தண்ணீர் ஏறி அல்லி படர்ந்தால் இலைக்கோழிகள் முட்டையிடத் தொடங்கும். அதில் ஆண்தான் அடைகாக்கும். பெண் அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். நீளவால் இலைக்கோழியின் அந்த நீளவால் இனப்பெருக்கக் காலத்தில் மட்டும்தான் உண்டு. தையில் மட்டும் ஏரிக்கு வருகிறவர்கள் நீளவால் இல்லாத இலைக்கோழியைப் படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

இரண்டாவது எரிச்சல் சின்னது, ஆனாலும் விட மனமில்லை. ஐப்பசியில் வந்த நீலச்சிறகிகள் “அத்தனையும் பெண்கள், ஆண்கள் பின்னால் வருகின்றன” என்று எழுதியிருக்கிறாய். அவற்றில் ஆண்களும் இருந்தன. கல்யாணம் முடிந்து பட்டு வேட்டியை மடித்து வைத்துவிட்டுப் பழைய லுங்கியில் திரியும் மாப்பிள்ளையைப் போல, இனப்பெருக்கம் முடிந்த ஆண் நீலச்சிறகி பெண்ணின் மங்கிய நிறத்துக்கு மாறிவிடும். மற்ற வாத்துகள் சீக்கிரம் பட்டு வேட்டிக்குத் திரும்பிவிடும். நீலச்சிறகி தை, மாசி வரை அப்படியே இருக்கும். கண்ணுக்கு மேல் அந்த வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரிவது கிளம்பும் நேரத்தில்தான். பறக்கும்போது இறக்கையின் முன்பகுதியைப் பார்த்திருந்தால் வெளிர் நீலச் சாம்பல் ஆணைக் காட்டிக்கொடுத்திருக்கும். இப்படி இறகைப் பார்ப்பது புதிதல்ல. 1929-ல் வெர்னே ஆய்வுக் குழு கிழக்குத் தொடர்ச்சி மலைப் பறவைகளைச் சேகரிக்க வந்தபோது நம் சேலத்துக் குரும்பப்பட்டியிலும் முகாம் போட்டது. அவர்கள் சுட்டுத்தான் எடுத்தார்கள். அந்தக் காலம் அப்படி. அந்தச் சேகரிப்பை வைத்து விஸ்லரும் கின்னியரும் எழுதிய தொடரைப் பார், எந்த இறகு உதிர்கிறது, எது முளைக்கிறது என்பதில் எவ்வளவு கவனம். நமக்குத் துப்பாக்கி வேண்டாம். அந்தக் கவனம் வேண்டும்.

நீலச்சிறகி என்றதும் ஒருவர் நினைவு வருகிறது. என் சிறு வயதில் பனமரத்துப்பட்டி ஏரியில் தண்ணீர் உண்டு. சேலத்தின் குடிநீருக்கென 1911-ல் உருவான ஏரி அது. பின்னாளில் சீமைக்கருவேலம் ஏறிப்போனதை நீயே பார்த்திருக்கிறாய். அங்கே கண்ணி வைத்துச் சிறகி பிடித்துச் சந்தையில் விற்பவர் ஒருவர் இருந்தார். 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் கொஞ்ச காலம் ஒளிந்து ஒளிந்து பிடித்தார். கையில் தூக்கிப் பார்த்தே மாதம் சொல்வார். புரட்டாசியில் வந்திறங்கியது எலும்பும் தோலுமாக இருக்குமாம். பங்குனிச் சிறகி கனக்குமாம். நெடுந்தூரம் பறப்பதற்கு முன் பறவை உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கிறது என்று நான் புத்தகத்தில் படித்தது வெகு காலம் கழித்து. ஆனி மாதம் ஏரி காய்ந்து கிடக்கும்போது அவர் கண்ணி இல்லாமல், வெறுங்கையோடு உள்ளே சுற்றிக்கொண்டிருப்பார். எதற்கு என்று கேட்டால், “மழைக்கு அப்புறம் எங்க முழங்கால், எங்க இடுப்புன்னு இப்பப் பாத்தாத்தானே தெரியும்?” என்பார்.

பார்க்க வேண்டியது அதைத்தான். ஏரியின் அடியை. உன் கட்டுரையில் பறவைப் பட்டியல் இருக்கிறது, தேதி இருக்கிறது, பனிமூட்டம்கூட இருக்கிறது. தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று ஓரிடத்திலும் இல்லை. ஈரச் சேற்றில் கொசு உள்ளான், கணுக்கால் தண்ணீரில் பொரி உள்ளான், அதற்கும் உள்ளே நெடுங்கால் உள்ளான், நாரை, தலைகீழாகக் கவிழ்ந்து மேயும் வாத்து, முங்கி எழும் நீர்க்காகம். நான்கு விரற்கடை தண்ணீர் இறங்கினால் பட்டியல் மாறிவிடும். போன வருடம் உள்ளான் வந்தது, இந்த வருடம் வரவில்லை என்று நீ வருத்தப்பட்டிருக்கிறாய். ஏரி நிரம்பிக் கோடி விழுந்தது இந்த வருடம்தானே! கரை வரை தண்ணீர் நின்றால் உள்ளான் எங்கே கால் ஊன்றும்? மதகுத் தூணில் எத்தனை படி வெளியே தெரிகிறது என்று ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள். அது இல்லாத பறவைக் குறிப்பைப் பாதிக் குறிப்பு என்றுதான் சொல்வேன்.

கொல்லிமலையில் பெய்த மழை தூசூரை நிறைத்தால் எனக்கும் சந்தோஷம்தான். மேட்டூர் உபரிநீரைச் சரபங்கா வடிநிலத்தின் 100 ஏரிகளுக்குக் கொண்டுபோகும் திட்டத்திலும் எனக்குப் பகையில்லை. உழுகிறவனுக்குத் தண்ணீர் வேண்டும். என் பகையெல்லாம் சுற்றிலும் செங்குத்தாகக் கல் பதித்து, நடைபாதை போட்டு, விளக்குக் கம்பம் நட்டு, ‘அழகுபடுத்திய’ ஏரியோடு. சரிவான சேற்றுக் கரையை ஒழித்துவிட்டு, வாசலில் பறவைப் படம் போட்ட பலகையும் வைக்கிறார்கள். அந்தத் தொட்டியில் மிஞ்சுவது நீர்க்காகமும் நாமக்கோழியும்தான். இதை நான் சொல்லிச் சொல்லிக் கூட்டங்களுக்கு என்னை அழைப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் சர்வதேச ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 20 இடங்கள் இருக்கின்றன. பக்கத்து ஈரோட்டில் வெள்ளோடு 2022-ல் சேர்ந்தது, அரியலூரில் கரைவெட்டி 2024-ல். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் ஒன்றுமில்லை. பறவைச் சரணாலயம் என்ற பலகையும் இல்லை. நம்முடையதெல்லாம் பாசன ஏரி. வாட்சர் இல்லை, பதிவேடு இல்லை. நீ எழுதி வைப்பதுதான் பதிவேடு. அதனால்தான் இத்தனை கடுமை.

புகழ வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். எருமைகள் தண்ணீரைவிட்டு ஏறிவரும்போது குளம்படியில் கிளம்பும் பூச்சிக்காக மஞ்சள் வாலாட்டிகள் ஓடுவதும் நிற்பதும் மறுபடி ஓடுவதுமாக எழுதியிருக்கிறாயே, அந்தப் பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வீட்டில் சத்தமாகவும் படித்துக் காட்டினேன். ‘அழகிய’ என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. எருமையின் முதுகில் காய்ந்த சேறு வெடிப்பதைக்கூடக் கவனித்திருக்கிறாய். இயற்கையை எழுதிய மா. கிருஷ்ணனுக்குப் பிறகு தமிழில் இப்படி ஒரு பத்தியை நான் அதிகம் படித்ததில்லை. இதற்கு மேல் புகழ எனக்கு வராது.

பொங்கலையொட்டி நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்புக்கு நீ ஆள் சேர்ப்பதைப் பார்க்கிறேன். நல்ல வேலை. ஆனால் எல்லாரும் தையில் மட்டும் போனால், பறவை தையில் மட்டும்தான் இருக்கிறது என்று கணக்கு காட்டும். வருகிற ஆனியிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்து நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு தூசூருக்குப் போ. காலை ஆறு மணிக்குள் மதகடியில் இருங்கள். ஒன்பதுக்கு மேல் மண் சுடும். ஆள்காட்டி கத்தினால் அதற்கு மேல் ஓர் அடியும் வைக்காதீர்கள்.

அன்புடன்,
உன் கட்டுரையின் கோபக்கார வாசகன்